திரித்துவம்: நான்கு வரிகளும், அவற்றில் ஒன்றை விட்டவர்களும்

"உங்களுக்குக் கடவுள் எத்தனை பேர்?" என்று ஒரு கிறிஸ்தவரிடம் கேட்டால், அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் "ஒருவர்தான்" என்பார். "அப்படியானால் இயேசு?" என்று கேட்டால், பெரும்பாலானோர் "அவரும் கடவுள்தான்" என்பார்கள். "சரி, இயேசு ஜெபித்தாரே, யாரிடம் ஜெபித்தார்? தம்மிடமேவா?" என்று மூன்றாவதாகக் கேட்கும்போதுதான் பேச்சு தடுமாறும்.

அந்தத் தடுமாற்றத்தை நான்கு வரிகளில் எழுதிவிடலாம்:

கடவுள் ஒருவரே.
பிதா கடவுள்.
குமாரனாகிய இயேசு கிறிஸ்து கடவுள்.
பிதா வேறு, குமாரன் வேறு.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியிலும் சிரமமில்லை. ஒவ்வொன்றுக்கும் பைபிளில் வசனம் காட்டலாம். நான்கையும் சேர்த்து வைக்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. பரிசுத்த ஆவியையும் சேர்த்தால் வரிகள் கூடும், ஆனால் இடிக்கிற இடம் மாறாது.

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், புராட்டஸ்டன்டுகளில் பெரும்பான்மையினர் ஆகியோர் நான்கு வரிகளையும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் திரித்துவம் என்று பெயர். மற்றவர்கள் நான்கில் ஏதோ ஒன்றைத் தளர்த்தியிருக்கிறார்கள், அல்லது விட்டே விட்டிருக்கிறார்கள். யார் எந்த வரியை விட்டார்கள், எதற்காக விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த நீண்ட விவாதம் ஓரளவு பிடிபடும். கிரேக்கச் சொற்களை மனப்பாடம் செய்து தொடங்குவதைவிட இது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

(பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பது புராட்டஸ்டன்ட் வழக்கு. கத்தோலிக்கர் தந்தை, மகன், தூய ஆவி என்பார்கள். இங்கே முதல் வழக்கையே வைத்துக்கொள்கிறேன்.)

சிக்கல் எங்கிருந்து வந்தது

இயேசுவை முதலில் பின்பற்றியவர்கள் யூதர்கள். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" (உபாகமம் 6:4) என்பது அவர்களுடைய அன்றாடப் பிரார்த்தனை. பல தெய்வ வழிபாடு என்றாலே அவர்களுக்கு ஒவ்வாது. அப்படிப்பட்டவர்கள் ஒரு மனிதரை "கர்த்தர்" என்று அழைத்து, வழிபாட்டில் அவருக்குக் கடவுளுக்குரிய இடத்தைக் கொடுத்தார்கள். அதையும் வெகு சீக்கிரமாகவே செய்தார்கள். இயேசு இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், "பிதாவாகிய ஒரே தேவன்" என்பதற்குப் பக்கத்திலேயே "இயேசு கிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர்" என்று வருகிறது (8:6). கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தை ஆண்ட ரோமானிய ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி "கடவுளுக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள்" என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார்.

அதாவது வழிபாடு முதலில் வந்துவிட்டது, அதற்கான விளக்கம் பின்னால்தான் வந்தது. திரித்துவம் என்ற சொல் பைபிளில் எங்கும் இல்லை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. உண்மைதான். லத்தீனில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். ஆனால் அவர் சிக்கலைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்த சிக்கலுக்குப் பெயர்தான் வைத்தார்.

பைபிள் வசனங்களோ இரண்டு பக்கமும் இழுக்கின்றன. யோவான் நற்செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று முதல் வசனத்திலேயே வருகிறது. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்கிறார் இயேசு (10:30). அதே இயேசு நான்கு அதிகாரம் தள்ளி, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்கிறார் (14:28). இறுதி நாள் எப்போது என்பது குமாரனுக்குத் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று மாற்கு 13:32 சொல்கிறது. ஒரு பக்கத்து வசனங்களை மட்டும் அடுக்கி எதிராளியை மடக்கிவிடலாம். அவர் மறுபக்கத்து வசனங்களை அடுக்கி நம்மை மடக்குவார்.

நான்காவது வரியை விட்டவர்கள்

முதலில் வந்த தீர்வு மிகவும் எளிமையானது. பிதா, குமாரன், ஆவி எல்லாம் ஒரே ஆள்தான். ஒரே கடவுள் வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு விதமாகத் தம்மைக் காட்டுகிறார், அவ்வளவுதான். படைப்பில் பிதா, மீட்பில் குமாரன், சபைக்குள் ஆவி. இதில் கடவுளின் ஒருமை பத்திரமாக இருக்கிறது, இயேசுவின் தெய்வத்தன்மையும் பத்திரமாக இருக்கிறது. பிதாவுக்கும் குமாரனுக்கும் இடையிலான வேறுபாடு மட்டும் போய்விடுகிறது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் இதைப் போதித்தவர் சபெல்லியஸ். அவர் பெயரால் இதைச் சபெல்லியனிசம் என்றும், "ஒரே ஆளின் பல பாங்குகள்" என்ற பொருளில் மோடலிசம் என்றும் சொல்கிறார்கள்.

சபைத் தலைவர்கள் இதை ஏற்காததற்குக் காரணம் அந்த மூன்றாவது கேள்விதான். பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்றால் கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு பிதாவிடம் செய்த ஜெபம் வெறும் நாடகமாகிவிடும். சிலுவையில் இறந்தது பிதா என்றும் ஆகிவிடும். இந்தக் கருத்தைப் பேசிய பிராக்சியாஸ் என்பவரைத் தெர்த்துல்லியன் ஒரே வரியில் கிண்டல் செய்தார்: அவர் ஆவியைத் துரத்திவிட்டு, பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டாராம்.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஞாயிறு பள்ளியில் திரித்துவத்துக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பொருள் ஒன்று, நிலை மூன்று. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. ஆனால் அது விளக்குவது திரித்துவத்தை அல்ல, சபெல்லியஸின் கருத்தைத்தான். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் பனிக்கட்டியாகவும் நீராவியாகவும் இருந்து, ஒன்று மற்றொன்றோடு பேசுவதில்லை. 3ஆம் நூற்றாண்டில் சபை கண்டித்த கருத்தை இன்றைய சபைகள் நல்ல எண்ணத்தோடு கற்பித்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

இதே காலத்தில், இயேசு மனிதராகவே பிறந்து பிறகு கடவுளால் மகனாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்ற கருத்தும் இருந்தது. அந்தியோக்கியா ஆயர் (பிஷப்) சமோசாத்தா பவுல் இதைப் போதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 268இல் பதவி நீக்கப்பட்டார். அந்தக் கருத்து அப்போதைக்கு அடங்கிவிட்டது.

ஆரியஸ்

பெரிய புயல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிளம்பியது. அங்கே குருவாக இருந்த ஆரியஸ் 318 வாக்கில் தம்முடைய ஆயர் அலெக்சாண்டரோடு மோதினார். அவர் வாதத்தைக் கேலி செய்யாமல் கேட்டால் அதில் நியாயம் இருப்பது தெரியும். கடவுள் என்றால் எதிலிருந்தும் வராதவர், தொடக்கம் இல்லாதவர். அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருக்க முடியும். குமாரன் என்றாலே பிறந்தவர். பிறந்தவருக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே "அவர் இல்லாதிருந்த வேளை ஒன்று உண்டு." குமாரன் எல்லாவற்றுக்கும் முன் படைக்கப்பட்டவர், எல்லாவற்றையும்விட உயர்ந்தவர், அவர் வழியாகவே உலகம் உண்டாயிற்று. இருந்தாலும் அவர் படைப்புதான். நீதிமொழிகள் 8:22இல் ஞானம் தன்னைப் பற்றிப் பேசும் இடத்தில், கிரேக்க மொழிபெயர்ப்பு "கர்த்தர் என்னைப் படைத்தார்" என்றே சொல்கிறது. கொலோசெயர் 1:15 அவரை "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்கிறது. ஆரியஸ் இயேசுவைச் சிறுமைப்படுத்த வந்தவர் அல்ல. கடவுளின் ஒருமையைக் காக்க நினைத்தவர். அதற்காக மூன்றாவது வரியைத் தளர்த்தினார். தம் கருத்துகளைச் செய்யுளாகவும் எழுதிப் பரப்பினார்.

சண்டை கிழக்கு முழுவதும் பரவியது. அப்போதுதான் ரோமப் பேரரசின் முழு அதிகாரத்தையும் கைக்குள் கொண்டுவந்திருந்த கான்ஸ்டன்டைன், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்ற தோரணையில் இருவருக்கும் கடிதம் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை. 325இல் அவர் ஆயர்களை நைசியா நகரத்துக்கு வரவழைத்தார். அதுவும் பிளினி ஆண்ட அதே பித்தினியாவில் இருந்த ஊர்தான். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபுவழிக் கணக்கு. உண்மையில் 200 முதல் 300 பேர் வரை இருந்திருக்கலாம்.

ஆரியஸின் ஆதரவாளர்கள் பைபிள் சொற்கள் எதைக் கொடுத்தாலும் தங்கள் பொருளில் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். "தேவனிடத்திலிருந்து வந்தவர்" என்றால், எல்லாமே தேவனிடத்திலிருந்துதானே வந்தன என்பார்கள். எனவே பைபிளில் இல்லாத ஒரு சொல்லை ஆயர்களின் அந்தச் சங்கம் கையில் எடுத்தது: ஹோமோஊசியோஸ், அதாவது "ஒரே பொருளானவர்". (பொருள் என்பது இங்கே அர்த்தம் அல்ல, சாரம்.) குமாரன் "உதித்தவர், உருவாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று இன்றும் கத்தோலிக்கர் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் (நம்பிக்கை அறிக்கையில்) அந்தச் சொல்தான் இருக்கிறது. இதற்கு வளைந்துகொடுத்து விளக்கம் சொல்ல ஆரியஸ் தரப்புக்கு வழியில்லை. கையெழுத்திட மறுத்த லிபிய ஆயர்கள் இருவரும் ஆரியஸும் நாடு கடத்தப்பட்டார்கள்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. உண்மையில் அங்கேதான் தொடங்கியது. "ஒரே பொருள்" என்ற சொல் ஆரியஸுக்கு எதிரானவர்கள் பலருக்கே பிடிக்கவில்லை. அது சபெல்லியஸின் கருத்துக்குக் கதவைத் திறந்துவிடும் என்று பயந்தார்கள். அவர்களில் ஒரு சாரார் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து ஹோமோயிஊசியோஸ், அதாவது "ஒத்த பொருளானவர்" என்று சொல்லப் பார்த்தார்கள். வேறு சிலர், பொருள் என்ற பேச்சே வேண்டாம், "பிதாவைப் போன்றவர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் இந்தக் கடைசிக் கட்சியின் பக்கம் நின்று, 359இல் மேற்கிலும் கிழக்கிலும் கூட்டிய சங்கங்களில் அதையே திணித்தார். நைசியாவின் முடிவுக்காகக் கடைசிவரை நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ், நான்கு பேரரசர்களின் காலத்தில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்.

அத்தனாசியஸின் வாதம் தர்க்கத்தைவிட மீட்பைச் சார்ந்தது. மனிதரைக் கடவுளோடு இணைக்கக் கடவுளால்தான் முடியும். குமாரன் படைப்பு என்றால், எவ்வளவு உயர்ந்த படைப்பாக இருந்தாலும், அவரால் நம்மைக் கடவுளிடம் சேர்க்க முடியாது. அதோடு, படைப்பை வணங்குவது சிலை வழிபாடு. ஆரியஸின் சீடர்களும் கிறிஸ்துவை வணங்கத்தானே செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கான்ஸ்டன்டைன்தான் திரித்துவத்தை உருவாக்கி எல்லோர் தலையிலும் கட்டினார் என்று ஒரு கதை இருக்கிறது. அது பொருந்தாது. அவருக்கு 337இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் கொடுத்த நிக்கோமீடியா யூசேபியஸ், ஆரியஸுக்கு வேண்டியவர். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியஸோ நைசியாவுக்கு எதிரணி. அரச அதிகாரம் இதில் விளையாடவில்லை என்று சொல்லவில்லை. 380இல் பேரரசர் தியோடோசியஸ் நைசியா விசுவாசத்தைச் சட்டமாகவே அறிவித்தார். ஆனால் அதற்கு முன்பு அதே அதிகாரம் எதிர்ப்பக்கத்துக்காகவும் வேலை செய்திருக்கிறது. பைபிளில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று நைசியாவில் முடிவு செய்தார்கள் என்பதும் தவறான செய்திதான்.

ஆவியும், "மூன்று ஆட்களும்"

நைசியாவின் பிரமாணத்தில் ஆவியைப் பற்றி "பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் யார் என்ற கேள்வி 360களில் எழுந்தது. குமாரனின் தெய்வத்தன்மையை ஏற்றுக்கொண்ட சிலரே ஆவி ஒரு படைப்பு என்றார்கள். இதற்குப் பதில் சொன்னவர்கள் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியான கப்பதோக்கியாவைச் சேர்ந்த மூவர்: செசரியா பசிலியு, அவர் தம்பி நீசா கிரகோரி, நண்பர் நசியான்சு கிரகோரி. 381இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கூடிய சங்கம், ஆவியை "ஆண்டவரும் உயிர் அளிப்பவருமானவர்" என்றும், பிதாவோடும் குமாரனோடும் ஒன்றாக ஆராதிக்கப்படுபவர் என்றும் சேர்த்தது. "ஒரே பொருள்" என்ற சொல்லை ஆவிக்கு அது பயன்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டையை ஆற்றப் பார்த்திருக்கிறார்கள்.

கப்பதோக்கியர்கள் தந்த வாய்ப்பாடுதான் இன்றுவரை நிற்கிறது: சாரம் ஒன்று, ஆட்கள் மூன்று. இதைக் கேட்டதும் மூன்று தனி மனிதர்களைக் கற்பனை செய்துவிடுகிறோம். மூன்று மனம், மூன்று விருப்பம், மூன்று திட்டம். அவர்கள் சொல்ல வந்தது அதுவல்ல. மூவருக்கும் சாரம் ஒன்று, சித்தம் ஒன்று, செயல் ஒன்று. பிதா மட்டும் தனியாகச் செய்யும் காரியம் என்று எதுவும் கிடையாது. எல்லாச் செயலும் பிதாவிடமிருந்து, குமாரன் வழியாக, ஆவியில் நடக்கிறது. அப்படியானால் வேறுபாடு எதில்? ஒருவரிலிருந்து ஒருவர் வரும் முறையில் மட்டுமே. பிதா யாரிடமிருந்தும் வராதவர். குமாரன் பிதாவிடமிருந்து பிறந்தவர். ஆவி பிதாவிடமிருந்து புறப்படுபவர். இந்தப் பிறப்பும் புறப்பாடும் காலத்துக்கு அப்பாற்பட்டவை, "முன்பு, பிறகு" என்ற பேச்சு அங்கே இல்லை. பிறப்பதற்கும் புறப்படுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அது நமக்குத் தெரியாது என்றே நசியான்சு கிரகோரி பதில் சொன்னார்.

இங்கே திரித்துவக் கோட்பாட்டின் தன்மை ஒன்று வெளிப்படுகிறது. கடவுள் எப்படி இருக்கிறார் என்ற படத்தை இந்தக் கோட்பாடு தருவதில்லை. எப்படி இல்லை என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறது: மூன்று கடவுள்கள் அல்ல, மூன்று வேடங்கள் அல்ல, ஒரு கடவுளும் இரண்டு உயர்ந்த படைப்புகளும் அல்ல. அத்தனாசியஸ் பெயரில் வழங்கும் பிரமாணம் முழுக்க இந்த நடைதான். (அதை எழுதியது அவரல்ல. அவருக்குப் பிந்திய லத்தீன் ஆக்கம் அது.) இதைப் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு, பணிவு என்று சொல்பவர்களும் உண்டு.

ஒரு சொல்லுக்காகப் பிரிந்த கிழக்கும் மேற்கும்

ஜெர்மானிய இனங்களில் ஒன்றான கோத் இனத்தவருக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோன உல்பிலாஸ் "பிதாவைப் போன்றவர்" கட்சியைச் சேர்ந்தவர். பேரரசுக்குள் தோற்ற கட்சி, பேரரசை உடைத்த கோத்தியரிடம் பல தலைமுறைகள் உயிரோடிருந்தது. ஸ்பெயினை ஆண்ட விசிகோத் அரசர் ரெக்காரெட் கத்தோலிக்கத்துக்கு மாறியதை 589இல் தொலேதோ சங்கம் கொண்டாடியது. குமாரன் பிதாவுக்குக் குறைந்தவர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல, ஆவி பிதாவிடமிருந்தும் "குமாரனிடமிருந்தும்" புறப்படுகிறார் என்று அங்கே பேசப்பட்டது. லத்தீனில் ஃபிலியோக்வே என்ற ஒரே சொல். அது மெல்ல மேற்கில் விசுவாசப் பிரமாணத்துக்குள் நுழைந்தது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் மூன்றாம் லியோ, அந்தச் சொல் இல்லாத பிரமாணத்தை வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். கருத்து அவருக்குத் தவறாகப் படவில்லை, பிரமாணத்தில் கைவைப்பதுதான் பிடிக்கவில்லை. ஆனால் 1014இல் ரோமே அதைச் சேர்த்துக்கொண்டது.

கிழக்குக்கு இதில் இரண்டு கோபங்கள். அனைவரும் கூடி முடிவு செய்த வாசகத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்றலாமா என்பது முதல் கோபம். இரண்டாவது இறையியல் சார்ந்தது. மூவரும் ஒரே கடவுளாக இருப்பதற்குக் காரணம் ஒரே ஊற்றாகிய பிதா. ஊற்று இரண்டு என்றால் ஒருமை உடையும் என்றார்கள். ஒரே ஊற்றிலிருந்துதான், குமாரனோடு சேர்ந்து என்று மேற்கு பதில் சொன்னது. 1054இல் இரு தரப்பும் பரஸ்பரம் சபை நீக்கம் செய்துகொண்டதில் அரசியலும் கௌரவமும் கலந்திருந்தன, ஆனால் இந்தச் சொல்லும் குற்றப்பட்டியலில் இருந்தது. அந்தச் சபை நீக்கங்கள் 1965இல் விலக்கப்பட்டன. இருந்தும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்தச் சொல் இல்லாமல்தான் பிரமாணத்தைச் சொல்கின்றன. இது நான்கு வரிகளை விட்டவர்களின் சண்டை அல்ல, பிடித்துக்கொண்டவர்களுக்குள் நடந்த சண்டை.

மீண்டும் எழுந்த பழைய கேள்வி

16ஆம் நூற்றாண்டில் "வேதம் மட்டுமே போதும்" என்ற குரல் எழுந்தபோது, திரித்துவத்தையும் ஏன் அதே தராசில் வைக்கக் கூடாது என்று சிலர் கேட்டார்கள். ஸ்பெயின் மருத்துவர் மிகேல் செர்வேட்டோ 1531இல் திரித்துவத்தை எதிர்த்து எழுதினார். கத்தோலிக்க விசாரணை மன்றத்திடமிருந்து தப்பியவர், புராட்டஸ்டன்ட் ஜெனீவாவில் பிடிபட்டு 27 அக்டோபர் 1553 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். ஒன்றையொன்று வெறுத்த இரு தரப்பும் ஒத்துப்போன அபூர்வமான விஷயம் இது.

டிரான்சில்வேனியாவில் நிலைமை வேறாக இருந்தது. 1568இல் டோர்டா நகரில் பிறந்த ஆணை, போதகர்கள் தங்கள் புரிதலின்படி பிரசங்கிக்க இடம் கொடுத்தது. அங்கே ஃபெரென்ஸ் டாவிட் நிறுவிய, திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபை இன்றும் இருக்கிறது. போலந்தில் ஃபாவுஸ்டோ சொசினியின் வழிவந்தவர்கள், இயேசு கன்னியிடம் பிறந்த மனிதர், அதற்கு முன் அவர் இருந்ததில்லை என்றார்கள். மூன்றாவது வரியை ஆரியஸ் தளர்த்தினார் என்றால், இவர்கள் அதை அழித்தே விட்டார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த யூனிடேரியன் இயக்கம் இந்த வழியில் வந்து, பின்னர் கிறிஸ்தவத்தின் எல்லையையே தாண்டிச் சென்றது.

இந்தச் சமயத்தில் ஒரு வசனம் பெரிய தலைவலியானது. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்ற 1 யோவான் 5:7. கேட்டால் இதுதான் திரித்துவத்துக்கு நேரடி ஆதாரம் போலத் தெரியும். ஆனால் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இது இல்லை. 1516இலும் 1519இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் இதை விட்டுவிட்டார், எதிர்ப்பு கிளம்பியதால் 1522 பதிப்பில் சேர்த்தார். ரகசியமாகத் திரித்துவத்தை மறுத்த ஐசக் நியூட்டன் 1690இல் இந்த வசனத்தைப் பற்றி நீண்ட ஆய்வு எழுதினார். அது அச்சேறியது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1754இல். இன்று திரித்துவத்தை ஏற்கும் அறிஞர்களே இதை இடைச்செருகல் என்கிறார்கள். அதனால் கோட்பாடு விழுந்துவிடுமா என்றால், இல்லை. 4ஆம் நூற்றாண்டுச் சண்டையில் அத்தனாசியஸ் தரப்பு இந்த வசனத்தின் மேல் நிற்கவே இல்லை.

இன்றைய சபைகள்

பழைய தீர்வுகள் ஒவ்வொன்றும் புதிய உருவில் இன்றும் உயிரோடிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய யெகோவாவின் சாட்சிகள் ஆரியஸுக்கு அருகில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இயேசு கடவுளின் முதல் படைப்பு, பிரதான தூதனாகிய மிகாவேல். பரிசுத்த ஆவி ஆள் அல்ல, கடவுளின் செயல்படும் சக்தி. யோவான் 1:1இன் கடைசிப் பகுதியை "ஒரு கடவுளாக இருந்தது" என்ற பொருள்படவே அவர்களுடைய பைபிள் மொழிபெயர்க்கிறது.

ஒருமை பெந்தெகொஸ்தேயினர் சபெல்லியஸின் பக்கத்து வீட்டுக்காரர்கள். 1913இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த முகாம் கூட்டமொன்றில், அப்போஸ்தலர்கள் "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் (அப்போஸ்தலர் 2:38) என்ற பேச்சு எழுந்தது. அப்படியானால் "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே" (மத்தேயு 28:19) என்பதில் வரும் அந்த ஒரே நாமம் எது? இயேசு என்பதுதான் என்று முடிவு செய்தார்கள். அங்கிருந்து, பிதாவும் ஆவியும் இயேசுவே என்ற போதனை வளர்ந்தது. 1916இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பு திரித்துவத்தை உறுதிசெய்தபோது நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். குமாரன் பிதாவிடம் ஜெபித்ததை இவர்கள், இயேசுவின் மனிதத்தன்மை தெய்வத்தன்மையிடம் ஜெபித்தது என்று விளக்குகிறார்கள். தொடர்ச்சியாக மூன்று வேடங்கள் என்ற பழைய கருத்தைத் தாங்கள் சொல்லவில்லை என்பதும் அவர்கள் வாதம்.

மார்மன்கள் விடுவது முதல் வரியை. குறைந்தபட்சம் மற்றவர்கள் புரிந்துகொள்ளும் பொருளில். பிதாவுக்கும் குமாரனுக்கும் எலும்பும் சதையுமான உடல் உண்டு, ஆவியானவருக்கு அது இல்லை, மூவரும் மூன்று தனி நபர்கள், நோக்கத்தில் மட்டுமே ஒன்று என்பது அவர்கள் நம்பிக்கை.

நான்கு வரிகளையும் பிடித்திருப்பவர்களுக்குள்ளும் இழுபறி தீரவில்லை. பழங்கால லத்தீன் இறையியலாளர் அகஸ்டின் மனித மனத்தின் நினைவு, அறிவு, விருப்பம் ஆகியவற்றைக் கொண்டு திரித்துவத்தைச் சிந்தித்தார். அங்கே ஒருமை தூக்கலாகத் தெரியும். 20ஆம் நூற்றாண்டில் யூர்கன் மோல்ட்மன் போன்ற இறையியலாளர்கள் மூவரின் அன்புறவிலிருந்து தொடங்கினார்கள். அங்கே மூன்று தூக்கலாகத் தெரியும். முதல் தரப்பைப் பார்த்து "சபெல்லியஸ்" என்பதும், இரண்டாம் தரப்பைப் பார்த்து "மூன்று கடவுள்" என்பதும் வழக்கமான வசவுகள். 2016இல் ஆங்கிலம் பேசும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களிடையே வேறொரு சண்டை: குமாரன் என்றென்றைக்கும் பிதாவுக்குக் கீழ்ப்படிந்தவரா, மனிதனாக வந்த காலத்தில் மட்டுமா? மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வாதத்துக்கு முதல் பதிலைச் சிலர் ஆதாரமாக்கியதால்தான் அது அவ்வளவு சூடாயிற்று.

இவ்வளவுக்கும் சாதாரண விசுவாசியின் வாழ்க்கையில் இது எங்கே தெரிகிறது? திரித்துவம் தவறு என்று ஒருநாள் முடிவாகி நீக்கப்பட்டாலும், பக்தி இலக்கியங்களில் பெரும்பாலானவை மாறாமலே இருக்கும் என்று கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் குறைப்பட்டார். பிரசங்கங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஒருவர் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு மாறும்போது அது உடனே தெரிந்துவிடும். லுத்தரன் சபையிலோ ஆங்கிலிக்கன் சபையிலோ முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக வந்தால் அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மார்மன் சபையிலிருந்து வந்தால் கொடுப்பார்கள். அங்கேயும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்றுதான் சொல்லித் தண்ணீரில் முழுக்குகிறார்கள், ஆனால் அந்தப் பெயர்களால் அவர்கள் கருதுவது வேறு என்று வத்திக்கான் 2001இல் அறிவித்தது. ஒருமை பெந்தெகொஸ்தே சபைகளில் இது தலைகீழ். கத்தோலிக்கரோ ஆங்கிலிக்கரோ பிற பெந்தெகொஸ்தேயினரோ, யார் வந்து சேர்ந்தாலும் இயேசுவின் பெயரில் மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும்.